காலையில் இரண்டு இழுப்பு, மாலையில் இரண்டு இழுப்பு

1. இந்தக் கதை எதற்காகப் பாவிக்கப்படுகிறது

இந்தக் கதை என் மூக்கிலிருந்து வந்தது. முகத்தைச் சுளிக்காதீர்கள், நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பதுளையில் மழை தொடங்கினால் என் மூக்கு அடைத்துக்கொள்ளும். போன மழைக்கு ஒரு பாமசியில் மூக்குக்குள் பீய்ச்சுகிற மருந்து ஒன்று வாங்கினேன். பெட்டிக்குள் எட்டாக மடித்த ஒரு தாள் இருந்தது. விரித்தால் சின்ன மேசைக்கு விரிப்பாகப் போடலாம், அவ்வளவு பெரிது. தமிழில் எதை எழுதியிருந்தாலும் வாசித்துவிடுகிற வியாதி எனக்கு உண்டு. தண்ணீர் மோட்டரோடு வந்த உத்தரவாத அட்டையைக்கூட இரண்டு தரம் வாசித்தவன் நான். ஆகவே இதையும் வாசித்தேன். முதல் வரி இப்படி இருந்தது: "பாவிக்க முன் மூக்கை நன்றாகக் குலுக்கவும்."

குலுக்கினேன். பொய் சொல்லவில்லை. தலையோடு சேர்த்து, ஐந்தாறு தரம். மூக்குக்கண்ணாடி கழன்று கை கழுவும் தொட்டிக்குள் விழுந்த பிறகுதான், குலுக்க வேண்டியது போத்தலை என்பது மண்டையில் ஏறியது.*

எனக்குக் கோபம் வரவில்லை, ஆசைதான் வந்தது. இந்த வரியை யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். அவருக்கும் ஒரு மேசை இருக்கும், பக்கத்தில் ஆறிப்போன தேத்தண்ணி இருக்கும், எழுதி முடித்ததும் 'நன்றாக வந்திருக்கிறது' என்று நினைத்திருப்பார். அந்த ஆளைத் தேடிப் போக எனக்கு வசதியில்லை. வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்று பேனாவை எடுத்தேன்.

* மருந்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். கம்பனிகளிடம் வக்கீல்கள் இருக்கிறார்கள். என்னிடம் இருப்பது இந்த மூக்கு மட்டும்தான்.

2. திறக்கும் முறை

முதல் முயற்சி:

அப்புத்தளை மலைமுகட்டைப் பனி போர்த்தியிருந்த ஓர் அதிகாலையில், தோளில் கொழுந்துக் கூடையுடன்—

(நிறுத்து. மலையகத்துக் கதை என்றால் முதல் வரியில் பனியும் கூடையும் வந்தே தீர வேண்டும் என்று யார் சட்டம் போட்டது? என் ஆள் கொழுந்து எடுப்பவள் அல்ல, மடிக்கணினியில் தட்டுகிறவள்.)

இரண்டாம் முயற்சி:

சுபாஜினி மடிக்கணினியைத் திறந்தாள். அவள் கண்களில் இனம்புரியாத ஒரு—

(ஒரு என்ன? எனக்கே இனம் புரியவில்லை. விடு.)

மூன்றாம் முயற்சி:

யாரும் வாசிக்காததை எழுதுவது சுபாஜினியின் வேலை.

இது பிடித்திருந்தது. எனக்கும் அதே வேலைதான் என்பதால் ஒரு பாசமும் வந்தது. அடுத்த வரிக்குப் போகும்போதுதான் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

[பிழை. எங்கப்பா வாசிப்பாரு.]

நான் பேனாவைக் கீழே வைத்தேன். இனிச் சதுர அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் சுபாஜினி சொன்னது. நான் கூப்பிடவில்லை, அவளாகத்தான் வந்தாள். தான் இடம்பெறும் எந்தத் தாளையும் சரிபார்க்காமல் விடுவது அவளுடைய தொழிலில் கிடையாதாம்.

3. சுபாஜினியும் அவளைப் பற்றிய என் சந்தேகமும்

சுபாஜினி பிறந்தது அப்புத்தளைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீடுகளில் ஒன்றில். அப்பா அழகர், தோட்டத்து லொறி ஓட்டி ஓய்ந்தவர். அம்மா தனலெட்சுமி இன்னும் கொழுந்தெடுக்க மலைக்குப் போகிறாள். சுபாஜினி விஞ்ஞானம் படித்து, கொழும்பில் ஒரு கம்பனியில் சேர்ந்தாள். மருந்துகளுக்கும், இரத்தத்தில் சீனி பார்க்கிற மெசினுக்கும், பிரஷர் பார்க்கிற மெசினுக்கும் உள்ளே வைக்கிற தாள்களை எழுதித் தருகிற கம்பனி அது. கொரோனா வந்தபோது மடிக்கணினியோடு லயத்துக்குத் திரும்பியவளை, கொரோனா போன பிறகும் யாரும் கூப்பிடவில்லை. அவளும் ஞாபகப்படுத்தவில்லை.

லயத்துக் காம்பராவிலிருந்து மருந்துக் கம்பனிக்கு எழுதுகிற ஒருத்தி இருக்க முடியுமா என்று எனக்கு ஒரு சந்தேகம் வந்தது.

[ஏன் முடியாது?]

நான் உன்னைச் சந்தேகப்படவில்லை அம்மா, சிக்னலைத்தான் சந்தேகப்பட்டேன்.

[கோழிக்கூட்டுக்குப் பக்கத்துல நாலு கோடு கிடைக்கும்.]

ஆகவே கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டுக்கொடுத்தேன். கொழும்புக் கூட்டங்களில் அவள் பேசத் தொடங்கினால் பின்னாலிருந்து ஒரு பெட்டைக்கோழியும் பேசத் தொடங்கும். அந்தக் கோழியைக் கம்பனியில் எல்லோருக்கும் தெரியும்.

அவள் தொழிலில் ஒரே ஒரு கட்டளைதான். ஒரு வாக்கியத்துக்கு ஒரே அர்த்தம் இருக்க வேண்டும். 'சற்று நேரம் பொறுக்கவும்' என்று எழுதக்கூடாது. சற்று என்றால் எத்தனை நிமிடம்? 'கவனமாக' என்று எழுதக்கூடாது. கவனமாக என்றால் கையை எங்கே வைக்க வேண்டும்? இதைக் கேட்டதும் என் பழைய கதைகளை எடுத்துப் புரட்டினேன். 'சற்று', 'ஏதோ', 'என்னவோ போல' என்ற மூன்றையும் பிடுங்கிவிட்டால் நான் இதுவரை எழுதிய கதைகளில் மிஞ்சுவது ஊர்ப்பெயர்கள் மட்டும்தான்.

[மலைமுகட்டைப் பனி போர்த்தியிருந்ததுன்னு எழுதினீங்களே. எவ்வளவு பனி? பஸ் ஓடுமா ஓடாதா?]

அந்த வரியை நான்தான் வெட்டிவிட்டேனே!

[வெட்டினது இன்னும் தெரியுது.]

4. நடந்தது என்ன

ஒரு ஞாயிற்றுக்கிழமை. அழகர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். ஒரு கை நெஞ்சில், மறு கை முழங்காலில். பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்னாப்பா செய்றீங்க?" என்றாள் சுபாஜினி.

"இரு புள்ள. ஒண்ணு வந்துருச்சு. இன்னொண்ணு வரட்டும்னு பாத்துக்கிட்டு இருக்கேன்."

"எது?"

"இழுப்பு."

அழகருக்கு நெஞ்சில் வியாதி. பனிக்காலம் வந்தால் மூச்சு முழுதாக உள்ளே போகாது, போன கொஞ்சமும் விசிலடித்துக்கொண்டு வெளியே வரும். மலைநாட்டில் அதற்கு இழுப்பு என்று பெயர். கிளினிக்கில் அவருக்கு, மூச்சோடு மருந்து எடுக்கிற பம்ப் இரண்டு கொடுத்திருந்தார்கள். நீல நிறத்தது, இழுப்பு வந்துவிட்டால் அந்த நேரத்துக்கு. பிரவுன் நிறத்தது, இழுப்பு வராமலே இருப்பதற்காகத் தினமும் பாவிக்க. சுபாஜினி அலுமாரியைத் திறந்து பிரவுன் பம்பை எடுத்தாள். மிச்ச மருந்தைக் காட்டுகிற எண் அதில் கிட்டத்தட்ட வாங்கிய அன்றைக்கு இருந்தது போலவே இருந்தது.

"இது தினமும் எடுக்கணும்ப்பா! டொக்டர் சொல்லலியா?"

"தாள்ல உள்ளபடி எடுங்கன்னாரு. தாள்ல உள்ளபடிதான் எடுக்கிறேன்."

அழகர் எழுந்து உள்ளே போனார். முருகன் படத்துக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் உறை போட்டு மாட்டியிருந்த ஒரு தாளைக் கழற்றிக்கொண்டு வந்தார். அது பிரவுன் பம்பின் பெட்டிக்குள் இருந்த தாள். தமிழில் எழுதியவள் சுபாஜினி. அதில் எழுதியவரின் பெயர் எங்கும் போட்டிருக்காது. என்றாலும் அந்தத் தோட்டத்தில் அது யார் எழுதியது என்று தெரியாதவர் இல்லை, ஏனென்றால் வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் அழகர் அதை வாசித்துக் காட்டுவார். தேத்தண்ணிக்கு முன்னால் இது.

"கேளு," என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "காலையில் இரண்டு இழுப்பு. மாலையில் இரண்டு இழுப்பு. எம் மக எழுதினது. அதாவது, காலையில ரெண்டு இழுப்பு வரணும், சாயந்தரம் ரெண்டு இழுப்பு வரணும். அப்பிடி வந்தா இந்த பம்பு. எனக்குக் காலையில ஒண்ணுதான் வருது. சில நாள் அதுவும் இல்ல. நான் என்னா செய்ய?"

சுபாஜினி தாளை வாங்கித் தன் வரியைத் தானே வாசித்துப் பார்த்தாள். பம்பை வாயில் வைத்து ஒரு தடவை இழுத்தால் அது ஓர் இழுப்பு என்று நினைத்துத்தான் எழுதினாள். சின்ன வயதிலிருந்து 'அப்பாவுக்கு இழுப்பு' என்று சொல்லியே வளர்ந்தவள், கம்பனிக்காக எழுத உட்கார்ந்தபோது அந்தச் சொல்லுக்கு வீட்டில் இருக்கிற அர்த்தத்தை எங்கேயோ வைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

"அது அப்பிடி இல்லப்பா. இழுப்பு வராட்டியும் எடுக்கணும். நான்தான எழுதினேன், நானே சொல்றேன்ல."

அழகர் கண்ணாடியைக் கழற்றினார். "நீ இப்ப வாயால சொல்ற, அதுவும் கோவத்துல. எழுதறப்ப யோசிச்சு எழுதியிருப்ப. கொழும்புல பெரியவங்க பாத்து சரின்னு சொல்லித்தான் அச்சடிச்சிருப்பாங்க. நான் எத நம்புறது?"

அடுப்படியிலிருந்து தனலெட்சுமி கத்தினாள். "இந்த மனுசன் நான் சொல்றத ஒருநாளும் கேட்டதில்ல. இனிமே நானும் அச்சடிச்சுத்தான் குடுக்கணும் போல!"

(இங்கே நான் சிரித்துவிட்டேன். சிரித்தது போதும் என்று சுபாஜினி என்னைப் பார்த்தாள். போன பனிக்காலத்தில் அழகரைப் பக்கத்து வீட்டுத் திரீவீலில் போட்டுப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழியெல்லாம் அவர் உதடு நீலமாக இருந்தது. அவர் தலை மகளின் மடியில் இருந்தது. அவள் அன்றைக்குப் பயந்தாள். இன்றைக்கும் பயப்படுகிறாள். அடுத்த பனிக்காலம் நெருங்கிவிட்டது. இந்தக் கதையில் இதை மட்டும் நான் வேடிக்கையாக எழுதப் போவதில்லை.)

5. முட்டை

திங்கட்கிழமை சுபாஜினி கோழிக்கூட்டடியிலிருந்து மேலதிகாரி ஹம்ஸியாவைக் கூப்பிட்டு விசயத்தைச் சொன்னாள். ஹம்ஸியா கொழும்பில் இருக்கிறாள். கம்பனியின் தமிழ்த் தாள்கள் எல்லாம் அவள் கையைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும்.

"நல்ல நேரத்துல சொன்னீங்க," என்றாள் ஹம்ஸியா. "அந்தத் தாள் வெள்ளிக்கிழம மறுபடி அச்சுக்குப் போகுது. வேற சொல்லு தாங்க. ஆனா சுஜன் பாத்து சரின்னு சொல்லணும்."

சுஜனின் வேலை திரும்ப மாற்றுவது. ஆங்கிலத்தில் இருந்ததைச் சுபாஜினி தமிழில் எழுதுவாள். ஆங்கிலத்தைக் கண்ணால் பார்க்காத சுஜன், அவள் தமிழை மறுபடி ஆங்கிலமாக்குவான். இரண்டு ஆங்கிலமும் ஒத்துப்போனால் தமிழ் சரி. சுபாஜினியின் 'இரண்டு இழுப்பை' அவன்தான் அன்றைக்குத் தேறவிட்டவன். மூவரும் ஒரே அழைப்பில் சேர்ந்தார்கள். சுஜன் யாழ்ப்பாணத்திலிருந்து பேசினான்.

"இழுப்பெண்டா இழுக்கிறதுதானே? அதிலை என்ன பிழை?"

"எங்க ஊர்ல இழுப்புன்னா வியாதிங்க. மூச்சு விட முடியாம நெஞ்சுல விசில் அடிக்கும்ல, அது."

"ஓ, முட்டோ! நாங்கள் அதை முட்டெண்டுதான் சொல்லுறது. அப்ப நீங்கள் முட்டை இழுப்பெண்டோ சொல்லுறனீங்கள்?"

"இல்லங்க. முட்டைய நாங்க முட்டைன்னுதான் சொல்லுவோம்."

"அதைத்தானே கேக்கிறன். முட்டை என்னெண்டு சொல்லுவியள்?"

"முட்டைன்னுதாங்க!"

சரியாக அந்த நேரம் பின்னால் பெட்டைக்கோழி பெருமையோடு கொக்கரித்தது.

"ரெண்டு பேரும் சாப்பாட்டுக் கதைய விட்டுட்டு விசயத்துக்கு வாங்க," என்றாள் ஹம்ஸியா.

(இந்த இடத்தில் சுஜனுக்கும் சுபாஜினிக்கும் ஒரு காதலை வரவழைக்கலாம் என்று யோசித்தேன். யாழ்ப்பாணமும் அப்புத்தளையும், நடுவில் ஒரு முட்டை. வாசகர்கள் விரும்புவார்கள்.

[வேணாம். அந்தாளு இன்னும் முட்டைக்குப் பதில் கேட்டு மெசேஜ் போட்டுக்கிட்டு இருக்காரு.])

6. வேறு சொற்கள்

எழுதியதைப் பரிசோதிப்பதற்கும் சுபாஜினியின் தொழிலில் ஒரு முறை உண்டு. 'விளங்கியதா?' என்று கேட்கக்கூடாது. கேட்டால் எல்லோரும் விளங்கியது என்றுதான் சொல்வார்கள். வாசிக்கக் கொடுத்துவிட்டு, 'இப்போது என்ன செய்வீர்கள், உங்கள் சொந்த வார்த்தையில் சொல்லுங்கள்' என்று கேட்க வேண்டும். அந்த வாரம் முழுவதும் அவள் ஒவ்வொரு சொல்லாகத் தாளில் அடித்து, அப்பாவிடம் கொடுத்துக் கேட்டாள்.

காலையில் இரண்டு அடி.

"யாரு அடிக்கிறது? உங்கம்மாவா?"

"ரெண்டு போதுமா?" என்றாள் தனலெட்சுமி.

மருந்து இரண்டு தரம் அடிக்கவும் என்று மாற்றினாள். அழகர் யோசித்துப் பார்த்து, மருந்து அடிப்பதென்றால் முதுகில் டேங்க் கட்ட வேண்டும், அதைப் புல்லுக்குத்தான் அடிப்பார்கள், மனுசனுக்கு அடித்தால் தோட்டத்தில் கேள்வி வரும் என்றார்.

காலையில் இரண்டு பம்ப்.

"ஒண்ணுதான குடுத்தாங்க. இன்னொண்ணு எங்க?"

காலையில் இரண்டு உறிஞ்சல்.

அழகர் பம்பைத் தேத்தண்ணிக் கோப்பையைப் போலச் சாய்த்துப் பிடித்து, அடுத்த லயத்துக்குக் கேட்கிற மாதிரி உறிஞ்சிக் காட்டினார். மருந்து மேல்மீசைக்குப் போனது.

காலையில் இரண்டு தம்.

அழகரின் முகம் மலர்ந்தது. வியாதி வந்த அன்றைக்கு டொக்டர் அவருடைய சிகரட்டை நிறுத்தியிருந்தார். "நீ எழுதினா சரியாத்தான் இருக்கும் புள்ள," என்று சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினார். தனலெட்சுமி அந்தத் தாளை வாங்கி அடுப்பில் வைத்தாள்.

காலையில் இரண்டு மூச்சு.

"ரெண்டே ரெண்டா? மிச்ச நேரத்துக்கு நான் என்னா செய்றது?"

இழுப்பு வந்தாலும் வராவிட்டாலும் தினமும் இரண்டு முறை இழுக்கவும்.

இதில் சுபாஜினிக்கு நம்பிக்கை இருந்தது. அழகர் நெடுநேரம் வாசித்தார்.

[எவ்வளவு நேரம்?]

ஒரு வெற்றிலை போடுகிற நேரம். பிறகு தாளைத் திருப்பிக் கொடுத்தார். "இழுக்கக் கூடாதுன்னுதான புள்ள மருந்து? வராத நாள்லயும் இழுக்கச் சொன்னா எப்பிடி? சும்மா இருக்கிற நெஞ்ச நானே போய் இழுக்க வைக்கிறதா?"

சுபாஜினி கோழிக்கூட்டடியில் போய் உட்கார்ந்து அழுதாள். (நான் இதை 'கண்கள் பனித்தன' என்று எழுதியிருந்தேன். அவள் வெட்டிவிட்டு 'அழுதாள்' என்று போட்டாள். அவள் போட்டதுதான் சரி.)

7. முடிவுகள், பக்கவிளைவுகளோடு

கதை இந்த இடத்துக்கு வந்ததும் என் கை பரபரத்தது. மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ. வெள்ளிக்கிழமைக்குள் பனி இறங்கிவிடுகிறது. அழகர் வாசற்படியில் இரண்டாவது இழுப்புக்காகக் காத்திருக்கிறார். அது வருகிறது. வந்து, போகாமல்—

[நில்லுங்க. மருந்து பாவிச்ச ஆளுக்கு ஏதாவது நடந்தா அத ஒரு நாளைக்குள்ள கம்பனிக்கு அறிவிக்கணும். செத்தவர் வயசு என்னா, வேற என்ன மருந்து எடுத்தாரு, இந்தக் கதைய சாப்பாட்டுக்கு முன்ன படிச்சாரா பின்ன படிச்சாரா, கதை எழுதினவர் யாரு, அவர் கதையால இதுக்கு முன்ன எத்தன பேர் செத்திருக்காங்க, எல்லாம் நீங்க எழுதிக் குடுக்கணும்.]

ஆறேழு பேரைக் கொன்றிருப்பேன். பரிசுக் கதைகளில்.

அவர் எங்கப்பா.

இந்தக் கடைசி வரியை அவள் அடைப்புக்குறிக்கு வெளியே வந்து சொன்னாள். முடிவு 'அ'வைக் கிழித்துப்போட்டேன்.

முடிவு ஆ. சுபாஜினி அற்புதமான ஒரு புதுச்சொல்லைக் கண்டுபிடிக்கிறாள். கொழும்பில் விழா எடுத்து அவளுக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள். சுஜன் யாழ்ப்பாணத்திலிருந்து முட்டைகளோடு வருகிறான்.

[ச்சீ.]

முடிவு இ. அழகர் பிரவுன் பம்பைக் கையில் எடுக்கிறார். அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பனி இறங்குகிறது. அவரும் பம்பும் பனிக்குள் மறைகிறார்கள். முற்றும்.

இது எனக்குப் பிடித்த முடிவு. எடுத்தாரா எடுக்கவில்லையா என்பதை வாசகர் மனதுக்கே விட்டுவிடுகிற, பல அர்த்தம் கொடுக்கிற முடிவு. இலக்கியக் கூட்டங்களில் இதைத்தான் கைதட்டுவார்கள்.

[பல அர்த்தமா? ரெண்டே ரெண்டு அர்த்தம் இருந்ததுக்கே எங்கப்பா வாசப்படியில குந்திக்கிட்டு இருக்காரு.]

எனக்கு வாய் அடைத்துப்போனது. மூக்கு முதலே அடைத்திருந்தது.

8. பாவிக்கும் முறை

வியாழக்கிழமை சுபாஜினி பெயர்ச்சொல்லைத் தேடுவதை நிறுத்தினாள். அதற்கு ஒரு பெயரே வேண்டாம், என்ன செய்ய வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்லிவிடலாம் என்று முடிவெடுத்து எழுதி அனுப்பினாள். இடம் போதாது என்று தாளை வடிவமைத்தவர் முறைப்பட்டார். ஹம்ஸியா கம்பனியின் சின்னத்தைச் சின்னதாக்கி இடம் எடுத்துக் கொடுத்தாள். சுஜன் அதை ஆங்கிலமாக்கினான், இரண்டும் ஒத்துப்போயின. கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தான்: 'முட்டை விசயம் இன்னும் விளங்கேல்லை.'

வெள்ளிக்கிழமை ஹம்ஸியா போன் எடுத்தாள். "எல்லாம் சரி சுபா. இதுதான் போகுது. ஆனா ஒண்ணு. மாத்தினபடியால அச்சகத்துல நம்மள பின்னால தள்ளிட்டாங்க. பெட்டிக்குள்ள வந்து கைக்குக் கிடைக்க அடுத்த வருசமாகும்."

பனி அதுவரை காத்திராது. சுபாஜினி புதிய வரிகளைப் பிரின்ட் எடுத்து அப்பாவிடம் நீட்டினாள். அழகர் தடவிப் பார்த்தார்.

"இது உன் மெசின்ல எடுத்தது. அச்சு இல்ல."

"ரெண்டும் ஒண்ணுதான்ப்பா!"

"அப்பிடின்னா 'தம்'முனு எழுதினதும் நீ இதே மெசின்ல எடுத்ததுதான. அத உங்கம்மா அடுப்புல வச்சா. அச்சுல வரட்டும் புள்ள. நாலு பேரு வாசிச்சு சரின்னு சொல்லட்டும். அன்னைக்கே எடுக்கிறேன்."

அப்போதுதான் சுபாஜினி என் பக்கம் திரும்பினாள்.

[நீங்க எழுதறது அச்சுல வருமா?]

வரும் என்று நினைக்கிறேன்.

[நாலு பேரு வாசிப்பாங்களா?]

நாலு பேர் என்றால், கிட்டத்தட்ட அவ்வளவுதான் வாசிப்பார்கள்.

[போதும். எழுதுங்க. நான் சொல்றத அப்பிடியே எழுதணும். 'சற்று' போடக்கூடாது.]

ஆகவே, நான் நினைத்திருந்த கதை இத்தோடு நிற்கிறது. கீழே வருகிற பாவிக்கும் முறையில் என்னுடைய சொல் ஒன்றுகூட இல்லை.

இழுப்பு வந்தாலும் வராவிட்டாலும், தினமும் காலையில்:

பிரவுன் பம்பைக் குலுக்கவும். (பம்பை. மூக்கை அல்ல.)
மூச்சை முழுவதும் வெளியே விடவும்.
பம்பை வாயில் வைத்து, உதடுகளை மூடவும்.
பம்பை விரலால் ஒரு தரம் அமத்தவும். அமத்தும்போதே மூச்சை மெதுவாக உள்ளே எடுக்கவும்.
மூச்சை அடக்கி, மனதுக்குள் பத்து வரை எண்ணிவிட்டு வெளியே விடவும்.
இவை எல்லாவற்றையும் இன்னொரு தரம் செய்யவும்.
வாயைக் கொப்பளித்துத் துப்பவும்.

மாலையிலும் இப்படியே செய்யவும்.

('மெதுவாக' என்றால் எவ்வளவு என்று நான் கேட்டேன். ஒரே ஒரு சொல்லாவது விட்டுக்கொடுக்கக் கூடாதா என்று அவள் கேட்டாள். விட்டுக்கொடுத்தேன்.)

9. பரிசோதனை

இதோ, அச்சில் வந்துவிட்டது. அழகர் இந்தப் பக்கத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து வாசிக்கிறார். எழுத்தை விரலால் தடவிப் பார்க்கிறார். தனலெட்சுமி அடுப்படி வாசலில் நிற்கிறாள். சுபாஜினி அவருக்கு எதிரே மணைக்கட்டையில் உட்கார்ந்திருக்கிறாள். இன்று காலை அழகருக்கு இழுப்பு வரவில்லை. ஒன்றுகூட வரவில்லை.

அவர் பம்பைக் குலுக்குகிறார். மூச்சை முழுவதும், நெஞ்சில் மிச்சம் இல்லாமல், வெளியே விடுகிறார். பம்பை வாயில் வைத்து உதடுகளை மூடுகிறார். விரல் மேலே இருக்கிறது. அமத்தவில்லை. அப்படியே கண்ணை மட்டும் தூக்கிப் பார்க்கிறார்.

மகளைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை, எழுதுகிறவர்கள் பேச்சை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று அவருக்கு இப்போது தெரியும். நாலு பேர் வாசித்துச் சரி என்று சொல்ல வேண்டும் என்றாரே, அந்த நாலு பேரில் ஒருவர் நீங்கள். உங்களைத்தான் பார்க்கிறார்.

விளங்கியதா என்று நான் கேட்க மாட்டேன். கேட்கக்கூடாது. கேள்வி இதுதான்:

இன்று காலை இழுப்பு வராத ஒருவர், இப்போது என்ன செய்ய வேண்டும்?

உங்கள் சொந்த வார்த்தையில் சொல்லுங்கள். கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள். யோசித்துக்கொண்டிருக்காதீர்கள், அவர் மூச்சை வெளியே விட்டு வெகு நேரமாகிறது.